பாவ்லோவின் நாய்கள் பயந்தபோது

பாவ்லோவ் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? மணி அடிக்கும், நாய் எச்சில் விடும். அவ்வளவுதான். ஸ்கூலிலோ, ஏதாவதொரு எலெக்டிவ்விலோ, யூடியூபிலோ இந்த ஒரு வரியைக் கடந்து வந்திருப்பீங்க. ஹாஸ்டல் மெஸ்ஸில் தட்டு சத்தம் கேட்டதும் பசிக்கிறதைப் பற்றி நாலு மீமும் பார்த்திருப்பீங்க.

ஆனா அந்த மனுஷன் கடைசிக் காலத்தில் தலையைப் பிய்த்துக்கொண்டது எச்சிலைப் பற்றி மட்டும் இல்லை. ஒரு நாயை மனதளவில் உடைய வைக்க முடியுமா? உடைந்ததைச் சரிசெய்ய முடியுமா? அங்கே கற்றுக்கொண்டதை மனநல மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருக்கும் மனிதனிடம் எடுத்துக்கொண்டு போக முடியுமா? இந்த மூணு கேள்விகள்தான். இன்றைக்கு ஒரு பதற்ற நோய் மாத்திரையை முதலில் எலியிடம் சோதித்துவிட்டு அப்புறம் மனிதரிடம் வருகிறார்களே, அந்தப் பாதையில் முதலில் நடந்தவர்களில் இவர் ஒருவர். வழி சரியாகப் போன இடமும் உண்டு, தவறிப் போன இடமும் உண்டு.

இவான் பெட்ரோவிச் பாவ்லோவ் பிறந்தது 1849-இல், ரஷ்யாவின் ரியாசான் நகரத்தில். அப்பா பாதிரியார். பையனும் பாதிரியாராகத்தான் ஆகணும் என்பது வீட்டில் எழுதாத சட்டம். சின்ன வயதில் உயரத்திலிருந்து கல் தரையில் விழுந்து பலத்த அடி பட்டதால் 11 வயது வரைக்கும் முறையாகப் பள்ளிக்கூடமே போகவில்லை. பிறகு மதப் பாடசாலையில் சேர்த்தார்கள். அங்கே பையன் பைபிளோடு சேர்த்து வேறு புத்தகங்களையும் படித்துவிட்டான். மூளையின் வேலைகளை அனிச்சைச் செயல்களாகவே விளக்கலாம் என்று செச்செனோவ் என்ற உடலியல் அறிஞர் 1863-இல் எழுதிய நூல் அவனைப் பிடித்து உலுக்கியது. 1870-இல் மதப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தான். வீட்டில் ஒன்று நினைக்க, பிள்ளை வேறொரு குரூப் எடுத்த கதைதான்.

அதற்கப்புறம் இருபது வருஷம் கஷ்டம். 1881-இல் செராஃபிமாவைக் கல்யாணம் செய்துகொண்டபோது கையில் காசில்லை. முதல் குழந்தை சின்னஞ்சிறு வயதிலேயே இறந்துபோனது. நிலையான வேலை கிடைத்தபோது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. 1890-இல் ராணுவ மருத்துவ அகாதமியில் பேராசிரியர் பதவி, அடுத்த வருஷம் புதிதாகத் தொடங்கிய பரிசோதனை மருத்துவ நிறுவனத்தில் உடலியல் துறை. அந்த ஆய்வகத்துக்காக ஆல்ஃபிரட் நோபெல் பத்தாயிரம் ரூபிள் நன்கொடை கொடுத்தார். அதே நோபெல் பெயரிலான பரிசு 1904-இல் பாவ்லோவுக்கே வந்து சேர்ந்தது. ரஷ்யர் ஒருவருக்குக் கிடைத்த முதல் நோபெல் பரிசு அது. நல்லா கவனிங்க: பரிசு செரிமானம் பற்றிய ஆராய்ச்சிக்காக. நிபந்தனை அனிச்சைக்காக இல்லை.

அந்த ஆராய்ச்சியின் விசேஷம் அவருடைய அறுவை சிகிச்சைத் திறமை. அதுவரைக்கும் விலங்கை அறுத்து, துடிக்கத் துடிக்கப் பார்த்துவிட்டு, செத்ததும் தூக்கிப் போடுவார்கள். பாவ்லோவ் கிருமி நீக்கிய அறையில் அறுவை செய்து, வயிற்றிலிருந்தோ கன்னத்திலிருந்தோ ஒரு சின்னத் திறப்பை வெளியே கொண்டுவந்து, நாயைக் குணமாக்கி, மாதக்கணக்கில் வருஷக்கணக்கில் உயிரோடு வைத்து அளந்தார். ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினில் சென்சார் பொருத்துவது மாதிரி. இன்னொரு விஷயம், இப்படிச் சேகரித்த நாய்களின் இரைப்பை நீரை அஜீரண மருந்தாகப் பாட்டிலில் விற்று ஆய்வகம் காசும் பார்த்தது. ஃபண்டிங் பிரச்சினை அன்றைக்கும் இருந்திருக்கு.

எச்சில் கதை இங்கேதான் தொடங்குகிறது. சோறு போடுபவரின் காலடிச் சத்தத்துக்கே நாய்களுக்கு எச்சில் ஊறியது. மற்றவர்களுக்கு அது அளவீட்டில் வந்த தொந்தரவு. பாவ்லோவ் அந்த நாய்ஸையே சிக்னலாக எடுத்துக்கொண்டார். நாய் நினைத்தது, நாய் ஆசைப்பட்டது என்றெல்லாம் ஆய்வகத்தில் யாரும் பேசக் கூடாது என்று தடையே போட்டார். எத்தனை சொட்டு, எத்தனை விநாடி, அது மட்டும் போதும். மணியை அவர் அதிகம் பயன்படுத்தவும் இல்லை. மெட்ரோனோம், பஸ்ஸர், விளக்கு, தோலில் லேசாகத் தொடும் கருவி, இவைதான் அதிகம். வெளிச் சத்தம் கெடுக்கிறது என்று மொத்தச் சுவர்களோடு தனிக் கட்டடமே எழுப்பினார்கள். மௌனக் கோபுரம் என்று அதற்குப் பெயர். நாய் ஓர் அறையில், ஆய்வாளர் வேறொரு அறையில்.

சரி, பயத்துக்கு வருவோம்.

1914 வாக்கில் ஷெங்கர்-கிரெஸ்தோவ்னிகோவா என்ற பெண் ஆய்வாளர் ஒரு சோதனை செய்தார். ஒரு நாய்க்கு வட்டம் காட்டினால் சாப்பாடு கிடைக்கும். நீள்வட்டம் காட்டினால் கிடைக்காது. நாய் சீக்கிரமே கற்றுக்கொண்டது. பிறகு நீள்வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வட்டத்தை நோக்கி நகர்த்தினார். அச்சுகளின் விகிதம் முதலில் 2:1. அப்புறம் இன்னும் நெருக்கம், இன்னும் நெருக்கம். 9:8-க்கு வந்ததும் நாய் தடுமாறியது. மூணு வாரம் முயற்சி செய்தும் மேம்படவில்லை, மோசமானது. அதுவரை சாதுவாக நின்றுகொண்டிருந்த நாய் கத்தியது, நெளிந்தது, உடம்பில் கட்டியிருந்த கருவியைப் பல்லால் கடித்துப் பிய்த்தது. அறைக்குள் கூட்டிப் போகும்போதே குரைக்க ஆரம்பித்தது. முக்கியமான விஷயம் இதுதான்: பழைய 2:1 நீள்வட்டத்தை, அதாவது அது ரொம்ப ஈஸியாகக் கண்டுபிடித்த ஒன்றைக்கூட இப்போது பிரித்தறிய முடியவில்லை.

யாரும் அடிக்கவில்லை. ஷாக் கொடுக்கவில்லை. வட்டமா இல்லையா என்ற ஒரு கேள்வி மட்டும்தான். வைவாவில் நமக்குத் தெரிந்த பதிலும் மறந்துபோவது நினைவுக்கு வருதா? வந்தால், அந்த ஒப்பீட்டை நீங்களும் செய்துவிட்டீங்க. பாவ்லோவ் செய்ததும் அதே தாவல்தான். மூளையில் கிளர்ச்சி என்றொரு செயல், தடுப்பு என்றொரு செயல். இரண்டும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் மோதினால் நரம்பு மண்டலம் உடைகிறது என்றார். பரிசோதனை நியூரோசிஸ் என்று அதற்குப் பெயரும் வைத்தார்.

நடுவில் உலகப் போர், புரட்சி, பஞ்சம். சோற்றுக்கு வழியில்லாமல் நாய்கள் ஆய்வகத்திலேயே செத்தன. மகன் ஒருவரையும் அந்தக் கொந்தளிப்பு பலி வாங்கியது. நாட்டைவிட்டுப் போக அனுமதி கேட்டு 1920-இல் அரசுக்கு எழுதினார் பாவ்லோவ். உலகப் புகழ் பெற்ற ஆளை விட்டுவிட லெனினுக்கு மனமில்லை. 1921 ஜனவரியில் தனி ஆணையே போட்டு அவருடைய ஆய்வுக்கும் குடும்பத்துக்கும் வேண்டியதைச் செய்துகொடுக்கச் சொன்னார். அதை வாங்கிக்கொண்டே பாவ்லோவ் அந்த அரசை வெளிப்படையாகத் திட்டிக்கொண்டும் இருந்தார். அன்றைய ரஷ்யாவில் அந்தச் சலுகை வேறு எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கும், சொல்லுங்க.

1924 செப்டம்பர் 23. பெயர் மாறி லெனின்கிராட் ஆகியிருந்த அந்த நகரத்தில் நீவா நதி கரை மீறியது. பரிசோதனை மருத்துவ நிறுவனத்தின் தோட்டத்தில் இருந்த நாய்க் கொட்டில்களுக்குள் தண்ணீர் புகுந்தது. கூண்டுக்குள் நீர் ஏற ஏற நாய்கள் நீந்தி, கூண்டின் கூரையை ஒட்டி மூக்கை மட்டும் வெளியே வைத்துக்கொண்டிருந்தன. கூண்டின் கதவு கீழே, தண்ணீருக்கு அடியில். வெளியே எடுக்கணும் என்றால் ஒவ்வொரு நாயின் தலையையும் தண்ணீருக்குள் அமுக்கித்தான் இழுக்க வேண்டியிருந்தது. அங்கிருந்து பெரிய கட்டடம் வரைக்கும் புயலிலும் அலையிலும் நீச்சல். நாய்கள் பிழைத்தன.

ஆனால் திரும்பச் சோதனை மேடையில் ஏற்றியபோது சில நாய்கள் பழைய நாய்களாக இல்லை. மாதக்கணக்கில் கற்றது அழிந்துபோயிருந்தது. ஸ்பெரான்ஸ்கி என்ற ஆய்வாளருடைய நாயின் கதை எனக்கு இந்த வாழ்க்கை வரலாற்றிலேயே மிகப் பிடித்த பகுதி. அந்த நாய் அறையில் தனியாக இருந்தால் சாப்பாட்டைத் தொடாது. எச்சில் வராது. ஸ்பெரான்ஸ்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் சரியாகிவிடும். எழுந்து போனால் மறுபடி பழைய கதை. அப்புறம் அவருடைய உடையை மட்டும் நாயின் கண்ணில் படாத இடத்தில் வைத்துப் பார்த்தார்கள். வாசனை போதுமாக இருந்தது, நாய் தேறியது. இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக நாய் முழுசாகக் குணமான பிறகு ஒருநாள், அறைக் கதவுக்கு அடியில் சத்தமில்லாமல் கொஞ்சம் தண்ணீரை ஓடவிட்டார்கள். தரையில் சின்னதாக ஒரு குட்டை தேங்கியது, அவ்வளவுதான். நாய் துள்ளியது, மேடையை விட்டு இறங்கத் தவித்தது, மூச்சு வாங்கியது. கற்றதெல்லாம் திரும்பப் போய்விட்டது.

இது கொடூரம்தானே என்று கேட்டால், ஆமாம், கொடூரம்தான். ஆனால் போரிலிருந்து வந்த சிப்பாய்கள் ஒரு பட்டாசுச் சத்தத்துக்கு நடுங்குவதை டாக்டர்கள் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. அதிர்ச்சி உடம்பில் எங்கோ தங்குகிறது, சின்னத் தூண்டுதல் போதும் அதைத் திரும்ப எழுப்ப, என்பதை முதல்முறையாக அளந்து காட்டக்கூடிய ஒரு மாதிரி கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் உடைந்துபோன வீரர்களைப் பார்த்த வில்லியம் சார்ஜன்ட் என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் பிற்பாடு இந்த வெள்ளத்து நாய்களை வைத்துத்தான் தன் கருத்துகளைக் கட்டினார்.

வெள்ளம் இன்னொன்றையும் காட்டியது. எல்லா நாயும் உடையவில்லை. ஏன்? பாவ்லோவ் நாய்களை வகை பிரித்தார்: பலமான நரம்பு, பலவீனமான நரம்பு, சமநிலை உள்ளது, இல்லாதது. கடைசியில் ஹிப்போகிரட்டிஸ் காலத்து நான்கு குணங்களிலேயே வந்து நின்றார். அது பழைய சரக்கு என்று சிரிக்கலாம். ஆனால் மருந்து கொடுக்கும்போது அது பயன்பட்டது. புரோமைடு உப்பு உடைந்த நாய்களைத் தேற்றியது. ஒரே அளவைக் கொடுத்தால் ஒரு நாய் தேறும், இன்னொன்று மோசமாகும். மரியா பெட்ரோவா என்ற ஆய்வாளர் பொறுமையாக அளவை மாற்றி மாற்றிப் பார்த்து, பலவீன வகை நாய்க்கு மிகமிகக் குறைவான அளவுதான் சரி என்று கண்டுபிடித்தார். ஆளைப் பார்த்து டோஸ் என்பது இன்றைக்குச் சாதாரணப் பேச்சு. அன்றைக்கு அது நாய்க் கொட்டிலிலிருந்து வந்தது.

பெட்ரோவாவின் நாய்களில் ஒன்றுக்குப் பள்ளத்தைக் கண்டால் பயம் வந்தது. முன்பு மாடிப்படி விளிம்பில் வைத்த சாப்பாட்டை நிம்மதியாகத் தின்ற நாய், நியூரோசிஸ் வந்த பிறகு விளிம்பிலிருந்து பின்வாங்கி நின்றது. இந்த நாயைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க.

மனிதர்கள் பக்கம் பாவ்லோவ் 1918-லேயே எட்டிப் பார்த்திருந்தார். நகரத்துக்கு வெளியே உதெல்னாயாவில் இருந்த மனநல மருத்துவமனையில் ஒரு நோயாளி இருபது வருஷம் பிணம் மாதிரி அசையாமல், பேசாமல் கிடந்தவர். அறுபது வயதை நெருங்கும்போது மெல்ல எழுந்தார், பேசினார். இத்தனை காலமும் சுற்றி நடந்ததெல்லாம் புரிந்தது, ஆனால் தசைகளில் தாங்க முடியாத பாரம் என்று சொன்னார். பாவ்லோவுக்கு அது தன் நாய்களிடம் பார்த்த தடுப்புச் செயலாகவே பட்டது. 1927-இல் அவருக்கே பித்தப்பைக் கல் அறுவை நடந்து, பிறகு இதயம் படபடக்கும் நியூரோசிஸ் வந்தது. விட்டாரா? அதையும் குறிப்பெடுத்து, தன்னையே கேஸாக வைத்துக் கட்டுரை எழுதிவிட்டார்.

1931-இல், 80 வயதைத் தாண்டிய பிறகு, தன் ஆய்வகத்தோடு இணைத்து இரண்டு கிளினிக்குகள் தொடங்கினார்: ஒன்று நரம்பு நோய்களுக்கு, ஒன்று மனநோய்களுக்கு. வாராவாரம் புதன்கிழமை கூடி நோயாளிகளைப் பார்த்து விவாதிப்பார்கள். அந்த வயதில் புதிதாக ஒரு துறைக்குள் மாணவனாக நுழைவதற்குத் தைரியம் வேணும். அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் இங்கேதான் நாம் கொஞ்சம் நின்று யோசிக்கணும். காற்றுச் சுரங்கத்தில் விமான மாதிரியைச் சோதிக்கிறோம். மாதிரி சின்னதாக இருப்பது பிரச்சினை இல்லை. ரெனால்ட்ஸ் எண் பொருந்தணும். பொருந்தினால்தான் அங்கே அளந்தது இங்கே செல்லும். நாய்க்கும் மனிதனுக்கும் நடுவே அந்த எண் எது? கிளினிக்கில் பாவ்லோவ் கொடுத்த பதில் கிளர்ச்சி, தடுப்பு என்ற அதே இரண்டு சொற்கள். ஹிஸ்டீரியாவுக்கும் அதுதான், திரும்பத் திரும்ப வரும் எண்ணங்களுக்கும் அதுதான், ஸ்கிட்ஸோஃப்ரீனியாவுக்கும் அதுதான். சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்த மனிதர் இங்கே எதையும் எண்ணவில்லை. பார்த்தார், ஒப்பிட்டார், பெயர் வைத்தார்.

அசையாமல் கிடக்கும் நோயாளியின் மூளையில் தடுப்பு பரவியிருக்கிறது. தடுப்பு என்பது மூளை தன்னைக் காத்துக்கொள்ளும் வழி. தூக்கமும் தடுப்பின் ஒரு வடிவம். ஆகவே நோயாளியை மருந்து கொடுத்து இன்னும் நாள்கணக்கில் தூங்க வைத்தால் குணமாகலாம். ஒவ்வொரு படியும் அடுத்ததோடு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் நாயிடம் பார்த்ததும் நோயாளியிடம் இருப்பதும் ஒன்றேதான் என்ற முதல் படியை யாரும் சோதிக்கவில்லை. நீண்ட தூக்க சிகிச்சை சோவியத் மருத்துவமனைகளில் பரவியது. பல நாள் தூக்கத்தில் வைப்பதால் நிமோனியா வரும் அபாயம் உண்டு. சுவிட்சர்லாந்தில் இந்த முறையை முன்பே முயன்றபோது உயிர்கள் போயிருந்தன.

அவருக்கு நியாயமாகச் சொல்லணும் என்றால், இடைவெளி இருப்பது அவருக்குத் தெரியும். மனிதனிடம் மொழி இருக்கிறது, அது சிக்னல்களுக்கே சிக்னல், நாயிடம் இல்லாத இரண்டாவது அமைப்பு என்று அந்தக் கடைசி வருஷங்களில் அவரே சொன்னார். தண்ணீரைப் பார்த்து நாய் நடுங்கும். வெள்ளம் என்ற சொல்லைக் கேட்டு மனிதன் நடுங்குவான். அதை அவர் விரித்து எழுதும் முன் காலம் முடிந்துவிட்டது. 1935 ஆகஸ்டில் லெனின்கிராடில் உலக உடலியல் மாநாட்டைத் தலைமை தாங்கி நடத்தினார். அதே மாதம் அவர் விருப்பப்படி நிறுவனத் தோட்டத்தில் நாய்க்கு ஒரு நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. 1936 பிப்ரவரி 27 அன்று நிமோனியாவில் இறந்தார். வயது 86.

அதற்கப்புறம் நடந்ததற்கு அவர் பொறுப்பில்லை. 1950 கோடையில் சோவியத் அறிவியல் அகாதமியும் மருத்துவ அகாதமியும் சேர்ந்து ஒரு கூட்டம் போட்டு, பாவ்லோவ் சொன்னதே சரி, விலகியவர்கள் திருத்திக்கொள்ளணும் என்று அறிவித்தன. அவருடைய சொந்தச் சீடர் ஓர்பெலியே பதவிகளை இழந்தார். சந்தேகப்பட்டே வாழ்ந்த மனிதரின் பெயரால் சந்தேகப்படுவது குற்றமானது.

வழி சரியாகப் போன இடத்தைச் சொல்லாமல் விட முடியாது. போரில் மனம் உடைந்த சிப்பாய்களுக்கு மருந்து பலன் தராததைப் பார்த்த ஜோசஃப் வோல்ப்பி என்ற தென்னாப்பிரிக்க மருத்துவர், 1940-களின் கடைசியில் பூனைகளிடம் பாவ்லோவ் பாணி நியூரோசிஸை உண்டாக்கினார். பயந்த அறையில் பூனை சாப்பிடாது. அந்த அறையைக் கொஞ்சம்போல ஒத்த வேறு அறையில் சாப்பிடும். அங்கே தொடங்கி, ஒவ்வொரு படியாகப் பயந்த அறை வரைக்கும் சோற்றோடு கூட்டி வந்தார். பூனைகள் தேறின. மனிதர்களிடம் சோற்றுக்குப் பதில் உடம்பைத் தளர்த்தும் பயிற்சி, அறைக்குப் பதில் பயத்தின் படிகள். 1958-இல் அதைப் புத்தகமாக்கினார். இன்றைக்கு லிஃப்ட் பயம், விமானப் பயம் என்று கவுன்சலரிடம் போனால் உங்களைப் படிப்படியாகப் பயத்தின் பக்கம் கூட்டிப் போகிறார்களே, அதன் வேர் அங்கே இருக்கிறது. வோல்ப்பி தன் வழியை மனிதர்களிடமும் தனியாகச் சோதித்தார். அதுதான் வித்தியாசம்.

எலிகளின் கதை இன்னும் சிக்கல். 1980-களின் நடுவில் வந்த பிளஸ் வடிவ மேடைச் சோதனையில் இரண்டு கைகளுக்குச் சுவர் உண்டு, இரண்டு கைகள் திறந்த விளிம்பு. பயந்த எலி சுவருக்குள் ஒதுங்கும். டயசிபாம் கொடுத்தால் திறந்த பக்கம் துணிந்து வரும். ஆகவே நல்ல சோதனை என்றார்கள். ஆனால் பதற்ற நோய்க்கு இன்று டாக்டர்கள் முதலில் எழுதிக்கொடுக்கும் எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரைகள் இதே சோதனையில் சீராகப் பாஸ் ஆவதில்லை. ஏற்கனவே தெரிந்த ஒரு மருந்தை வைத்துத் தராசைச் சரிசெய்தால், தராசு அதே மாதிரி மருந்துகளைத்தான் நன்றாக எடை போடும். விலங்குகளிடம் நன்றாக வேலை செய்த சிஆர்எஃப் தடுப்பு மருந்துகள் மனிதர்களிடம் வந்து தோற்றதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

அதனால் சிலர் பாதையைத் திருப்பிப் போட்டார்கள். எலியை மனிதனாக நினைப்பதற்குப் பதில், மனிதனை எலியின் மேடையில் ஏற்றினால்? 2016-இல் ஜெர்மனியில் ஆட்களைத் திறந்த மைதானத்தில் நடக்கவிட்டு ஜிபிஎஸ்ஸில் பாதையைப் பதிவு செய்தார்கள். வெட்டவெளி பயம் அதிகம் உள்ளவர்கள், எலி சுவரை ஒட்டி ஓடுவது போல, ஓரமாகவே நடந்தார்கள். அடுத்த வருஷம் ஹாம்பர்க்கில் தரையிலிருந்து கொஞ்சமே உயர்ந்த மரத்தாலான பிளஸ் மேடை ஒன்று செய்து, கண்ணில் விஆர் கருவி மாட்டி, இரண்டு கைகள் பாறைகளுக்கு நடுவிலும் இரண்டு கைகள் அந்தரத்திலும் நீட்டிக்கொண்டிருப்பது போலக் காட்டினார்கள். உயரத்துக்குப் பயப்படுபவர்கள் திறந்த கைகளை ஒதுக்கினார்கள், பெட்ரோவாவின் மாடிப்படி நாய் மாதிரியே. லோராசிபாம் சாப்பிட்டவர்கள் கூடுதலாக வெளியே வந்தார்கள். நடக்கும்போதே ஒவ்வொருவரிடமும் இப்போ எவ்வளவு பதற்றமா இருக்கு என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். ஸ்பெரான்ஸ்கியிடம் இருந்ததெல்லாம் கதவுக்கு அடியில் ஓடவிடக் கொஞ்சம் தண்ணீரும், எச்சில் சொட்டுகளின் கணக்கும்தான்.